திரும்பிப் போகாத மனிதர்

ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டால் மற்றவர்கள் அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வருவார்கள். அவர் வர மாட்டார். நேரே போய்க்கொண்டே இருப்பார். கேட்டால், "முன்னால போனா ஏதாவது வழி வரும்மா" என்று மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்.

நான் அமெரிக்காவில் வந்து இறங்கிய அன்றே அதைப் பார்த்துவிட்டேன். எண்பத்தைந்தாம் வருஷம். என் கணவரிடம் அப்போது கார் கிடையாது. அவருடைய ஆபீஸில் சீனியராக இருந்த இவர்தான் தன்னுடைய நீளமான ஸ்டேஷன் வேகனை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். ஒல்லி. ஞாயிற்றுக்கிழமையிலும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் பேனா. என் கணவர் 'சார்' என்று கூப்பிட்டதைக் கேட்டு நானும் சார் என்றேன். "ஆபீஸ்ல கேக்கறதே போதும்மா. நீ அங்கிள்னு கூப்பிடு" என்றார். நாற்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் அன்று முதல் அங்கிள்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து நாங்கள் இருக்கப்போகும் ஃப்ரீமான்ட் போக வளைகுடாவின் குறுக்கே ஒரு பாலம் ஏற வேண்டும். தூரத்தில் அந்தப் பாலத்தை எனக்குக் கைநீட்டிக் காட்டினார். காட்டிய மும்முரத்தில் அதற்குப் பிரியும் எக்ஸிட்டை விட்டுவிட்டார். என் கணவர் மெதுவாக, "சார், பாலம் போயிடுச்சு" என்றார். "போகட்டும், சான் ஹோசே வழியா சுத்திப் போயிக்கலாம்." வளைகுடாவின் அடிமட்டம் வரை போய், மறுகரையில் ஏறி, ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்றி வீடு சேர்ந்தோம். பின் சீட்டில் நான் கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர், இதுதான் வழி என்று காட்டிவிட்டு அந்த வழியில் போகாமல் வேறெங்கோ ஓட்டிக்கொண்டு போகிறார். என் கணவரோ வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு மணி நேரப் பயம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

நல்ல மனிதர். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அபார்ட்மென்ட் பார்த்துக் கொடுத்தது அவர். கட்டில் சுமந்து வந்தது அவர். எனக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அவர் மனைவி, எனக்கு ஆன்ட்டி. என் கணவரின் கிரீன் கார்டுக்கு ஆபீஸில் அவர்தான் எழுதித் தர வேண்டும் என்பதும் உண்மைதான். அதனால் அவரிடம் நாங்கள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. வேறு யாரும் சொல்லியும் நான் பார்த்ததில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். மறந்து வைத்த எதையும் எடுக்கத் திரும்பி வர மாட்டார். பிறந்தநாள் பார்ட்டிக்குப் போகும் வழியில் பரிசை வீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தால், வழியில் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவார். அப்படி வீட்டில் தங்கிப்போன பரிசுகள் அலமாரியின் மேல்தட்டில் வண்ணக் காகிதம் சுற்றியபடியே அடுக்கி இருந்தன. ஆன்ட்டி அதை எனக்குக் காட்டிச் சிரித்தார். கரூர்ப் பக்கத்துக்காரர், குள்ளமாக இருப்பார், அதிகம் பேச மாட்டார். "அவர் அப்படித்தான்மா" என்பார். பாராட்டுகிறாரா குறை சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒரு தடவை நாங்களும் அவர்கள் மகளுமாக எல்லாரும் அவர் காரில் ஓக்லாண்டுக்கு ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஆன்ட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னங்க, பால் அடுப்புல இருக்கு. அணைச்ச ஞாபகமே இல்லை."

"அணைச்சிருப்பே."

"இல்லைங்க. திரும்புங்க."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. பாத்துக்கலாம்."

அவர் திரும்பவில்லை. ரிசப்ஷனில் ஆன்ட்டி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பியபோது அவர்கள் வீட்டு வாசலில் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புகையைப் பார்த்துவிட்டுப் போன் செய்திருக்கிறார். பாத்திரம் கருகி, சமையலறைக் கூரை பாதி கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வேறொன்றும் ஆகவில்லை. அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பெயின்ட் அடிக்க வேண்டிய டைம்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். கறுத்த கூரைக்குக் கீழே மகளைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அந்த வருஷம் அக்டோபரில்தான் எங்களை மலையடிவாரத்துப் பழைய ஊர் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். நூற்று முப்பது வருஷத்துக்கு முன் தங்கம் தோண்ட வந்தவர்கள் கட்டிய ஊர். கௌபாய் படத்தில் வருவது போலவே ஒரே ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரப்பலகை நடைபாதை, முகப்பில் பெரிய எழுத்தில் பெயர் எழுதிய கடைகள். புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் அவர் அங்கே கூட்டிப் போவது வழக்கம் என்றார்கள். நான் ஐந்து மாதம். "மலைப்பாதை எல்லாம் ஒத்துக்குமா?" என்று என் கணவரிடம் கேட்டேன். "சார் கூப்பிடறார்" என்றார். அவ்வளவுதான்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. மரமெல்லாம் மஞ்சள் பூத்த மாதிரி நின்றது. தெருவின் ஒரு கோடியில் ஆரம்பித்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம். செங்கல் கோர்ட்டில் நீதிபதியின் நாற்காலியில் அவர் மகள் உட்கார்ந்து பார்த்தாள். ஏழு வயது. தமிழ் எல்லாம் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். போட்டோ ஸ்டூடியோவில் அவர் தொப்பியும் பொம்மைத் துப்பாக்கியுமாக நின்று படம் எடுத்துக்கொண்டார். ஜரிகை வைத்த கவுனை நீட்டிய கடைப்பெண்ணிடம் ஆன்ட்டி, "நோ, நோ, தேங்க் யூ" என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முன்பு சாராயக்கடையாக இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்றார்கள். ஒரு நீளமான தொட்டியில் ஓடும் தண்ணீரில், அரிசி களைகிற மாதிரி தட்டை ஆட்டி ஆட்டித் தங்கம் அரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் மகளுக்கு மிளகுத் தூள் அளவு பொன் கிடைத்தது. கை விறைத்துப் போகும் வரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தாள்.

பழைய ஜெயிலுக்குள் மட்டும் நான் போகவில்லை. கம்பிக்குப் பின்னால் ஒரு மெழுகு பொம்மை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அதன் முதுகு மூச்சு விடுவது போல எனக்குத் தோன்றியது. வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் உள்ளே நின்றபடி, "வாம்மா, பயப்படாதே. எல்லாம் செத்துப் போன சமாச்சாரம்" என்றார்.

மூன்று மணிக்குத் தெரு முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்து வேலியடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "மேல ஒரு ஊர் இருக்கு. சுரங்கம் மூடினதும் ஜனமெல்லாம் அப்படியே விட்டுட்டுப் போன ஊர். வீடு, சர்ச் எல்லாம் காலியா நிக்குதாம். நானே இன்னும் பாத்ததில்லை. பாத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

அவர் வழி கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். தகவல் மேசையில் இருந்த வயதான அம்மாள் எங்கள் ஸ்டேஷன் வேகனை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். அது பழைய வண்டிப் பாதை, போன வாரம் மழை பெய்தது, இந்த மாதிரி காரில் போகக்கூடாது என்று நிதானமாகச் சொன்னாள். எனக்கே புரிந்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். "இவங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் பயமுறுத்துவாங்க."

முதல் ஒரு மைல் நன்றாகத்தான் இருந்தது. தார் போய் மண் வந்தது. மண் போய்க் கல் வந்தது. அவர் ஓட்ட, என் கணவர் பக்கத்தில். பின்னால் மலைப்பக்க ஜன்னலில் ஆன்ட்டி, நடுவில் குழந்தை, பள்ளத்துப் பக்கம் நான். ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். சாலையின் விளிம்பு தெரியவில்லை. மரங்களின் உச்சிதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய மரங்களின் உச்சி என் காலுக்குக் கீழே இருந்தது. அதன்பின் நான் பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. சக்கரத்துக்கடியில் கல் பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்டது. அது தரையில் போய் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"சார், கொஞ்சம்..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு மைல்தான் இருக்கும்."

"டாடி, கேன் வீ கோ பேக்?" என்றாள் குழந்தை. ரொம்பச் சின்னக் குரல். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய கழுத்து வேர்த்துச் சட்டைக் காலர் நனைந்திருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். காருக்குள் குளிராகத்தான் இருந்தது.

அடுத்த வளைவில் பாதிச் சாலை இல்லை. மழையில் அரித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த பாதியில் ஒரு கார் போகலாம், போகாமலும் இருக்கலாம். அவர் நிறுத்தினார். ஸ்டியரிங்கின் மேல் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இடம் இருக்கு. போலாம்" என்றார்.

"நிறுத்துங்க" என்றார் ஆன்ட்டி.

"நிறுத்தித்தானே இருக்கேன். இடம் இருக்குன்னு சொல்றேன்ல."

ஆன்ட்டி கதவைத் திறந்தார். மலைப்பக்கம் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத்தான் இடம். இறங்கி, குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். என்னைப் பார்த்து, "நீயும் வாம்மா" என்றார். சீட்டின் மேல் தேய்த்துக்கொண்டே நகர்ந்து நானும் இறங்கினேன். நான் நகர நகரக் கார் ஆடியது. காரைப் பிடிக்கப் பயந்து பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆன்ட்டி குழந்தையோடு வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார். அரக்கு நிறப் பட்டுப் புடவை, மேலே ஸ்வெட்டர், காலில் மகளுடைய பள்ளிக்கூட ஷூ மாதிரி வெள்ளை ஷூ. திரும்பியே பார்க்கவில்லை.

நான் முன் ஜன்னலுக்குள் குனிந்து என் கணவரிடம், "நீங்களும் இறங்குங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். இறங்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. வயிற்றில் குழந்தை. எங்கே போகிறது என்று தெரியாத ஒரு சாலையில், இறங்குவது மரியாதையாக இருக்காது என்பதற்காக என் புருஷன் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பயம் எனக்கு வந்ததில்லை.

"சார்" என்று நான் கூப்பிட்டேன். அங்கிள் என்று வரவில்லை. "சார், ஆன்ட்டி நடந்து போறாங்க."

அவர் கண்ணாடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி வளைவில் மறையப் போகும் சமயம் காரின் பின்பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தது.

திருப்ப இடமே இல்லாத பாதை. ரிவர்ஸிலேயே இறங்க வேண்டும். அவருக்குப் பின்னால் தெரிந்ததெல்லாம் ஆன்ட்டி ஒருவர்தான். நான் போய்க் குழந்தையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் மலையை ஒட்டி நடந்தோம். கார் எங்களைப் பார்த்துப் பின்பக்கமாக ஊர்ந்து வந்தது. வளைவு வரும்போது ஆன்ட்டி நின்று திரும்புவார். வெளிச்சக்கரம் விளிம்புக்கு வந்தால் உள்ளங்கையைக் காட்டுவார். கார் நிற்கும். மலைப்பக்கமாகக் கையை ஆட்டுவார். கார் அந்தப் பக்கம் ஒதுங்கும். பிறகு நடப்பார். ஆன்ட்டிக்குக் கார் ஓட்டத் தெரியாது. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு தடவை சக்கரம் அந்தரத்தில் சுழன்றது. ஆன்ட்டியின் கை அப்படியே காற்றில் நின்றது. குழந்தை என் விரலை நெரித்தாள். இஞ்சின் உறுமியது. சக்கரம் எதையோ பற்றிக்கொண்டது. ஆன்ட்டி கையை இறக்கி, மறுபடி மலைப்பக்கமாக ஆட்டினார்.

பாதை அகலமான இடத்துக்கு வந்ததும் அவர் காரைத் திருப்பி எங்கள் பக்கத்தில் நிறுத்தினார். "ஏறுங்க" என்றார். நானும் குழந்தையும் ஏறினோம். ஆன்ட்டி ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தார். தார் ரோடு வந்த பிறகும் நடந்தார். அங்கிள் விளக்கை மினுக்கிக்கொண்டு பின்னாலேயே மெதுவாக ஓட்டினார். மரப்பலகை நடைபாதையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த ஊரில் இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழன்றது.

போலீஸ்காரர் நல்ல உயரம், வயதானவர். ஒரு கை இடுப்புத் துப்பாக்கியின் மேல் இருந்தது. ஒரு பெண்ணைக் காரில் பின்தொடர்ந்து வருகிறவனாக அவர் கண்ணுக்கு இவர் தெரிந்திருக்க வேண்டும். கைகளை ஸ்டியரிங்கின் மேலேயே வைக்கச் சொன்னார். என் கணவரின் பாஸ்போர்ட், விசா எல்லாம் வீட்டில். இதோடு எல்லாம் முடிந்தது, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். போலீஸ்காரர் ஆன்ட்டியிடம் போனார். ஜன்னல் திறந்திருந்ததால் கேட்டது. இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்றார்.

ஆன்ட்டி காரைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. காருக்குள் இருந்த அவருக்கும் தெரிந்திருக்காது.

"மை ஹஸ்பண்ட்" என்றார் ஆன்ட்டி.

உங்களைத் தொந்தரவு செய்கிறாரா?

"நோ. ஐ கோ ஃபர்ஸ்ட். ஹி கம் பிஹைண்ட்."

போலீஸ்காரர் அவருடைய புடவை ஓரத்துச் செம்மண்ணைப் பார்த்தார். காரின் கதவு வரை அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தார். மேலே இருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றதும் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஜன்னலுக்குக் குனிந்து, கோபமில்லாமல், அந்த மேல் வளைவுக்குக் கீழே ஒரு ஜீப் கிடக்கிறது, தூக்கிவர வழியில்லாமல் அப்படியே விட்டிருக்கிறோம் என்றார். அதில் இருந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவும் இல்லை.

ஆன்ட்டி வந்து முன் கதவைத் திறந்தார். என் கணவர் இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஃப்ரீமான்ட் வரும் வரை அதை விடவில்லை. அதன்பின் பல வாரங்கள் கண்ணை மூடினால் காலுக்குக் கீழே மரங்களின் உச்சி தெரியும். நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

அங்கிள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆபீஸில் என் கணவரிடம் முன்பு போலவே இருந்தார். பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர்கள் அவர்கள்தான்.

ஏப்ரலில் அவர்கள் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு. மதுரையிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் ஜோடிக்காக. அவர் வழக்கம் போலத் தங்க ஊரைப் பற்றி ஆரம்பித்தார். கோர்ட்டு, ஜெயில், தண்ணீரில் பொன் அரிப்பது. அடுத்த வாரமே போகலாம் என்றார். அந்தப் பெண் துறுதுறுப்பானவள். "அதுக்கு மேல ஆளில்லாத ஊர் ஒண்ணு இருக்காமே அங்கிள்? லைப்ரரி புக்ல படிச்சேன். அங்கேயும் போலாமா?" என்று கேட்டாள்.

என் கணவர் கையிலிருந்த சோற்றை தட்டிலேயே வைத்துவிட்டார். நான் மடியிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டிதான் பதில் சொன்னார். "அங்க நாங்க போறதில்லைம்மா. எனக்கு பயம்."

அங்கிள் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எனக்கும்தான்" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். ஆன்ட்டி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு, இருந்த வேலையையெல்லாம் விட்டுவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.